பல்லுக்குள் வைத்த மருந்து

என்னைப் பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறக்காமலே சமாளித்துவிட்டதாக நினைத்தேன். சிறுவயதில் அடிபட்ட என் முன்பல் கறுத்திருந்தது. சர்ச்சில் எங்கள் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிப்பதற்குள் அதை வெளுக்க, தாம்பரம் பல் டாக்டர் பல்லின் பின்பக்கம் துளையிட்டு, உள்ளே மருந்து வைத்து அடைத்தார். "இது தற்காலிக அடைப்புதாம்மா. அடுத்த வாரம் அவசியம் வாங்க" என்றார்.

பல் வெளுத்தது. அம்மாவோ, "மாப்பிள்ளை வீடும் அந்த டாக்டர் தெருவுலதான் இருக்கு. யாராவது பாத்தா பேச்சாயிடும், மறுபடி போகாதே" என்றார்.

நானும் போகவில்லை. அடைப்பு விழுந்து கிருமி புகுந்தது தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் முகம் வீங்கி, சீழ் கட்டி, பல்லையே பிடுங்கவேண்டியதாயிற்று.

பிறகு கணவர் சொன்னார்: "காபி குடுக்கறப்ப சிரிச்சியே, கறுப்புப் பல்லை அன்னிக்கே பாத்துட்டேன். அதனால என்ன?"

இப்போதெல்லாம் டாக்டர் மறுபடி வரச்சொன்னால், யார் பார்த்தாலும் சரியென்று போய்விடுகிறேன். பிடுங்கிய இடத்தில் வைத்த கட்டுப்பல்லை மட்டும் இன்னும் கணவர் முன்னால் கழற்றுவதில்லை.