துண்டுக்குள் எம்.ஏ.

பி.ஏ. முடித்துவிட்டு மதுரை விடுதியிலிருந்து போடிக்குத் திரும்பியபோது, நான் அடுத்து என்ன படிப்பது என்பதை என்னைக் கேட்காமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். தாய்மாமாவுக்குப் பொருளாதாரம். மதுரையிலேயே இருக்கிறது, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம், முடித்தால் கல்லூரியில் வேலை. அவர் மனைவி, என் அத்தைக்கு வரலாறு. "ராசா கதைதானே, கஷ்டமிருக்காது" என்றாள். எனக்குத் தத்துவம். அது படிக்கச் சென்னைக்குப் போக வேண்டும்.

"தத்துவமா? அதைப் படிச்சா காவி கட்டத்தான் லாயக்கு. எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார் மாமா.

வாய்க்கு வந்ததைச் சொல்லும் மனிதர்தான். ஆனால் அம்மா போன பிறகு எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அதனால் அப்பா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கும் வாய் நீளம்தான், ஆனாலும் அடித்துப் பேச முடியவில்லை. மாமா மட்டும் காரணமில்லை. மதுரை என்றால் வாராவாரம் வந்துவிடலாம்; நான் சென்னைக்குப் போனால் அப்பா ஒரேயடியாகத் தனியாகிவிடுவார். அவர் ஏலக்காய்த் தரகர். பகலெல்லாம் மலையிலிருந்து வருகிற ஆட்கள் சூழ இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாரிடம் பேசுவார்?

விண்ணப்பம் மறுநாள் தபாலில் போயாக வேண்டும். மாமாவும் அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றிப் பொருளாதாரத்திலேயே வந்து நின்றது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா திடீரென்று தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார்.

"கையை உள்ள விடு ஆத்தா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவர் தலையிடக் கூடாது; முடிந்த பிறகும் உள்ளே என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. அந்தத் துண்டுக்குள் ஒரு பெண் கைவிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஒரு விரலைப் பிடிச்சா பொருளாதாரம். ரெண்டுன்னா வரலாறு. மூணுன்னா நீ சொல்றது."

நான் ஒரு விரலைப் பிடித்தேன். அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் என் கண்முன் நின்றது.

அவர் விரலை உருவிக்கொண்டார். "கட்டாது" என்றார், வியாபாரியிடம் சொல்வது மாதிரியே.

மறுபடியும் ஒரு விரலையே பிடித்தேன். மறுபடியும் உருவிக்கொண்டார்.

"கட்டாது ஆத்தா. நெசமான விலையைச் சொல்லு."

அழுகை வந்துவிட்டது. மூன்று விரல்களையும் சேர்த்து இறுகப் பிடித்தேன். அப்பா என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முடிஞ்சது மாப்ளே" என்றார் மாமாவிடம்.

மாமாவும் அதே தொழில்காரர். கேட்க நாக்கு துடித்திருக்கும், கேட்கவில்லை. அத்தைதான், "என்னதான் முடிஞ்சதாம்?" என்றாள்.

"சும்மா இருடி. துண்டை எடுத்தாச்சுல்ல" என்று மாமா அவளை அதட்டினார். அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

சென்னைக்குப் புறப்பட்ட அன்று, போடி ஸ்டேஷனில் மதுரை ரயில் ஏற்றிவிட அப்பா வந்தார். ஜன்னலோரம் நின்று, அத்தனை நாளும் கேட்காததைக் கேட்டார்.

"அந்தத் தத்துவம்னா என்னதான் ஆத்தா?"

"மனுசன் எப்படி வாழணும், எது சரி, எது தப்புன்னு யோசிக்கிறதுப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். வண்டி ஊதியது.

"அதை இங்கன இருந்தே யோசிக்க முடியாதா?" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் கூடவே நடந்து வந்தார்.

"சும்மா கேட்டேன் ஆத்தா. தலையை உள்ள இழு, கண்ணுல கரி விழும்."