பரபின் மெழுகும் சபேசன் அண்ணையும்

கம்பளையிலிருந்து வரும் பஸ் பேராதனையைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. சபேசன் அண்ணையின் மனைவி கமலா அக்கா. "தங்கச்சி, அவர் எங்களை விட்டுட்டுப் போயிட்டார். நித்திரையிலதான். லாப்பில எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார். வேலைக்கு வந்து சொன்னேன். மெழுகு உருக்கும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சக ஊழியை நிமாலி, துணியைக் கையில் பிடித்தபடியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சபேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அம்பிட்டியவில் குடியிருந்து, கண்டி நகரில் நாங்கள் வேலை செய்யும் சிறிய தனியார் ஆய்வுகூடத்துக்கு இருபத்தாறு வருடம் நடந்தே வந்தவர். நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டைப் பரபின் மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்க்கும்படி கொடுப்பது எங்கள் வேலை. அவர் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மலையகத்துக்காரி நான் 'அண்ணே' என்பேன். சிங்களம் பேசும் நிமாலியோ அவர் ஊர் வழக்கப்படியே 'அண்ணை' என்பாள். கடைசியில் எல்லோருக்கும் அவர் அண்ணை ஆகிவிட்டார்.

சேர்ந்த புதிதில், "அண்ணே, இது மெழுகுவர்த்தி மெழுகுதானே?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"ஓம், கிட்டத்தட்ட அதுதான். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூடப்பிறந்தது. ஆனா அந்த வீட்டில இதுதான் நல்ல பிள்ளை. மணமில்லை, நிறமில்லை, ஒண்டோடயும் சண்டைக்குப் போகாது. தண்ணியோட மட்டும் சேராது. அதாலதான் துண்டில இருக்கிற தண்ணியை முதல்ல ஸ்பிரிட்டில போட்டு எடுக்கிறம்."

அவர் சேட்டில் மெழுகு சொட்டாத நாள் கிடையாது. கமலா அக்கா அதன்மேல் பழைய பத்திரிகையை விரித்து அயன் பண்ணுவார். மெழுகு உருகித் தாளில் ஏறிவிடும். "இந்த மனுசன் கலியாணம் கட்டினது என்னையோ மெழுகையோ எண்டு இன்னும் தெரியேல்லை" என்பார். அண்ணை சிரிப்பாரே தவிர மறுத்ததில்லை. எங்கள் அலுமாரியின் இறுகிப்போன இழுப்பறைகள், என் குடையின் கம்பி, நிமாலியின் கைப்பையின் சிப் எல்லாவற்றிலும் ஒரு துண்டு மெழுகைத் தேய்த்து ஓடவைத்தவர் அவர்தான்.

ஒருநாள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பார்வதி அம்மாவின் துண்டு காணாமற்போயிற்று. அவருடைய கால் விரலில் இருந்த சிறு கறுப்புப் புள்ளியை வைத்தியர் முழுதாக வெட்டி அனுப்பியிருந்தார். இன்னொரு முறை எடுப்பதற்கு அந்த இடத்தில் எதுவுமே மிச்சமில்லை. ஓட்டைகள் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் வைத்துத்தான் துண்டுகளை மெழுகுத் தொட்டிகளில் ஊறவிடுவோம். அன்று காலை அவருடைய பெட்டி மட்டும் வெறுமையாக வந்தது.

"மூடி சரியாப் பூட்டுப்படேல்லை. பூட்டினது நான்தான்" என்றார் அண்ணை.

"மாதிரி போதவில்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள்" என்றார் முகாமையாளர்.

"அந்த அம்மாவுக்குக் கால் போதாமல் போனா, அதையும் நீங்களே எழுதுவீங்களோ?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தொட்டிகளில் இருந்த மெழுகை எல்லாம் சூடாக்கி, காயம் கட்டும் கோஸ் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தோம். ஆறினால் உறைந்துவிடும், திரும்பவும் உருக்கினோம். பகற்சாப்பாடு மேசையில் அப்படியே கிடந்தது. மற்ற எல்லாப் பெட்டிகளிலும் அவரவர் துண்டு சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டிருந்தோம். ஆகவே கிடைப்பது பார்வதி அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். கடைசித் தொட்டியின் அடியில், எள்ளளவில், கறுப்பாக அது அகப்பட்டது. அண்ணை கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அது புற்றுநோய். ஆனால் ஆரம்ப நிலை. பார்வதி அம்மா முடிவை வாங்க வந்த அன்று அண்ணை தானே எழுந்து வெளியே போனார். "அம்மா, உங்கட துண்டை நான்தான் துலைச்சனான். பிறகு தேடி எடுத்திட்டம். என்னை மன்னிக்கோணும்."

"அதான் கெடச்சிருச்சே! அப்புறம் எதுக்குங்கய்யா இப்புடி வாடிப்போய் நிக்கிறீங்க? சாப்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது.

போன வருடம் ஓய்வு பெற்றார். இந்த வருடம் கழுத்தில் ஒரு கட்டி. மருத்துவமனையில் வெட்டியெடுத்த துண்டைப் போத்தலோடு கேட்டு வாங்கி, தானே எங்களிடம் கொண்டுவந்தார். "இதை நீங்கள்தான் செய்யோணும், தங்கச்சி. வேற இடத்தில குடுக்க எனக்கு மனமில்லை."

அந்தத் துண்டை வைத்த பெட்டியின் மூடியை இரண்டு முறை அழுத்திப் பூட்டினேன். சீவும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். முடிவு வந்த நாளில் அவர் கடிதத்தை உடனே திறக்கவில்லை. சீவல் ஒட்டிய கண்ணாடித் தகட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெட்டு அருமையா வந்திருக்கு. ஒரு கீறல் இல்லை" என்று என் தோளில் தட்டினார். பிறகுதான், புற்றுநோய் என்றிருந்த கடிதத்தை வாசித்தார்.

முந்தாநாள் அவரைத் தகனம் செய்தோம். துண்டுகள் பதித்த மெழுகுக் கட்டிகளை நாங்கள் எறிவதில்லை. அவை கெடுவதில்லை, எத்தனையோ வருடம் கழித்தும் யாருக்காவது தேவைப்படலாம். அலுமாரியின் மூன்றாம் தட்டில், கம்பளைக் கடைக்காரர் ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒரு குழந்தைக்கும் நடுவில், நகத்தளவு வெள்ளைக் கட்டியாய் அண்ணை இருக்கிறார். நேற்று அதை எடுத்து, அதில் எழுதிய இலக்கத்தை ஒருமுறை வாசித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

போய்வாருங்கள், அண்ணே.