கொழிஞ்சாம்பாறை வீட்டை விற்கப் போனோம்

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு உண்டு. பதினெட்டு வருடமாக ஓர் அங்கன்வாடி டீச்சர் அதில் வாடகைக்கு இருக்கிறார். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று நானும் என் கணவரும் கோயமுத்தூரில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆலோசித்தோம். இரண்டு நாட்டு மந்திரிகள் எல்லைத் தகராறு பேசினால்கூட அதற்குள் முடித்திருப்பார்கள். அந்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன பங்குனியில் தரகர் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருமாகப் போய் இறங்கினோம். என் கணவர் வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போய், சமையலறை என்று குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். டீச்சர் முன்னால் வந்து வழிகாட்டினார்.

திருப்பூர்க்காரர் அதற்குமேல் எங்களை நம்பவில்லை. டீச்சரையே கேட்டார்: “ஏனுங்க, மழைக்கு ஒழுகுமுங்களா?”

“ஒழுகுமுங்க. சமையக்கட்டுல நாலு எடத்துல. மேக்கால செவுரு பூராவும் ஓதம். உத்தரத்துல கரையான் புடிச்சிருக்குதுங்க. கெணறு மட்டும் நல்ல கெணறு. இந்தப் பங்குனியிலயும் தண்ணி கெடக்குது பாருங்க.”

அவர் கிணற்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். தரகரும் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கூடவே ஏறிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏனுங்க டீச்சர், இப்படிக் காரியத்தைக் கெடுத்துட்டீங்களே?”

“கேட்டாருங்க, சொன்னனுங்க. உங்ககிட்டயும் வருசா வருசம் போன்ல இதையேதானுங்கக்கா சொல்றேன். ‘பாக்கலாம், பாக்கலாம்’னு வெச்சுருவீங்க. அவருக்கு ஒரே தடவைல வெளங்கிருச்சு.”

என் கணவர் திடீரென்று கூரையை அண்ணாந்து ஆராயத் தொடங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாடகைக்காரர் முன்னால் வெட்கப்படும்படி ஆகிவிட்டதே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து மாற்றினோம். “மாற்றினோம்” என்று எழுதுகிறேன். ஆசாரியோடும் கொத்தனாரோடும் நின்று வேலை வாங்கியது டீச்சர்தான். நாங்கள் ஒருநாள் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டை விற்கவில்லை. விசாரிக்கும் உறவினர்களிடம் என் கணவர், “அப்பா கட்டுன ஊடுங்க, விக்கறதுக்கு மனசு வர்லீங்க” என்கிறார். என் மாமனார் அந்த வீட்டைக் கட்டவில்லை; யாரோ கட்டியதை வாங்கினார். நான் திருத்துவதில்லை. எனக்கும் அந்தப் பதில் சௌகரியமாகத்தான் இருக்கிறது.