இரண்டு நிமிட மணல்

மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து மேசை நடுவில் வைத்துவிட்டு, "ம், ஆரம்பிங்க" என்கிறார் அந்தப் பெண். எதிர் நாற்காலியில் இருக்கும் மாணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தான் யார், என்ன படித்திருக்கிறார், இந்தக் கம்பெனிமேல் தனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றெல்லாம் ஒப்பிக்கத் தொடங்குகிறார். நீல மணல் கீழே இறங்கி முடிவதற்குள் அவர் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் இவர் உள்ளங்கையை உயர்த்துவார். அப்புறம் மறுபடி முதலிலிருந்துதான்.

நான் ஒரு மேலாண்மைக் கல்லூரி நூலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, சத்தம் போடாதீர்கள் என்று சத்தமில்லாமல் சொல்வது என் வேலை. குளிர்காலத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. ஈரக் கோட்டை நாற்காலியில் போடாமல் வாசலில் மாட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு நிறுவனங்களை நடத்தப்போகிறவர்கள் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. இவர் ஒருவர்தான் மாட்டுவார்.

ஹீட்டருக்குப் பக்கத்து மேசை இவருடையது. வயது முப்பத்தாறு. வகுப்பில் மற்ற எல்லோரும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு. ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, மேலே போகப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டதால், வேலையை விட்டுப் படிக்க வந்தவர். அங்கே ஆள் எடுக்கும்போது பல தடவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் என்பதால், இன்டர்வியூ வாரம் வந்தால் வகுப்பே இவரைத் தேடி வருகிறது. நேரில் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு நிமிஷம்'. அது அவருக்கும் தெரியும். "நல்ல பேருதான் சார். பத்து நிமிஷம்னு வைக்காம விட்டாங்களே" என்றார்.

மணல் கடிகாரத்தை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை நான் மேசையைத் துடைக்கும்போது அதை எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் அவர் கை அதன்மேல் இருந்தது. அது அவருடைய ஆறு வயது மகள் பல் தேய்க்கும்போது குளியலறையில் வைத்துக்கொள்ளும் கடிகாரமாம். மணல் இறங்கும்வரை தேய்க்க வேண்டும். கிளம்பும் நாளில் மகளே பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருக்கிறாள். "இங்க வந்து நான் ஒழுங்கா தேய்க்க மாட்டேன்னு நெனச்சுட்டா சார்" என்றார். மகள் இப்போது எப்படித் தேய்க்கிறாள் என்று கேட்டேன். "அவங்க அப்பா நூத்திருபது வரைக்கும் எண்ணுறாராம்."

கணவரும் மகளும் ஒரு ஊரில், இவர் இங்கே. பதினான்கு மாதம் ஆகிறது. தினமும் காலை ஏழரைக்கு, நூலகம் திறப்பதற்கு முன், படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று போன் பேசுவார். நான் சாவியோடு ஏறும்போது பாதிப் பேச்சு என் காதில் விழும். "சாப்பிட்டியாடா? ஸ்வெட்டர் போட்டியா? அப்புறம்? அப்புறம் என்ன?" பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் குழந்தையிடம் அப்புறம் எதுவும் இருக்காது. போன் அணைந்த பிறகும் இவர் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது.

இந்தக் குளிர்காலத்து இன்டர்வியூ வாரத்தை நான் மறக்கமாட்டேன். திங்களன்று மார்க்கெட்டிங் அறிக்கை ஒப்படைக்க வேண்டும், செவ்வாயன்று நிதிப் பாடத்தில் தேர்வு, புதனன்று குழுவாக ஒரு விளக்கவுரை, வெள்ளியன்று இன்டர்வியூ. குழுவில் ஐந்து பேர், எழுதியது இவர் ஒருவர். இதற்கு நடுவில் என் கணக்குப்படி பதினாறு பேர் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருவர் முடித்ததும் சிவப்புப் பென்சிலால் அவருடைய தாளில் கோடு போடுவார். தோல்வியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். "பெருசா தோல்வி எதுவும் இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க. அப்படிச் சொன்ன ஒருத்தரையும் நான் வேலைக்கு எடுத்ததில்ல" என்பார்.

நன்றி அக்கா, நன்றி அக்கா என்று கும்பலாக எழுந்து டீ குடிக்கப் போவார்கள். இவரையும் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கெட்ட எண்ணமில்லை, வாத்தியாரை யார் டீக்குக் கூப்பிடுவார்கள்? விளக்கவுரை முடிந்து குழுவாகப் படம் எடுத்தபோதும் செல்போன் இவர் கையில்தான் இருந்தது. "உங்களுக்கு யாரும்மா பயிற்சி குடுக்கறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "எனக்கு எதுக்கு சார்? நானே சொல்லிக் குடுக்கற ஆளு." தனியாக இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ அவருக்கு விளையாட்டில்லை. அவரைப் பட்டியலில் எடுத்திருந்த ஒரே கம்பெனி அது. அதன் தொழிற்சாலை அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். இரண்டே இடங்கள். கிடைத்தால் வீட்டோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் வேறெங்கோ ஒரு ஊர், இன்னொரு வாடகை அறை, இன்னொரு படிக்கட்டில் நின்று போன்.

புதன் மதியம் ஒரு பையன் வந்தான். கல்லூரி முடித்த கையோடு இங்கே சேர்ந்தவன், தொட்டதெல்லாம் முதல் மதிப்பெண், வாழ்க்கையில் எதிலும் தோற்றதில்லை. அதுதான் அவன் பிரச்சினை. "சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்று கையைப் பிசைந்தான். மூன்று தடவை மணல் இறங்கியது. நான்காவது தடவை அவன் கண் கலங்கிவிட்டது. இவருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, என்னோடத எடுத்துக்கோ" என்றார். அது அவருடைய தொழிற்சாலைச் சங்கதி. ஒரு லாரி நிறைய டப்பாக்களில் லேபிள் மாறி ஒட்டிப் போய்விட்டது. வெள்ளை என்று வாங்கி அடித்த சுவர்களில் பாதி வெளிர் மஞ்சளாயின. இவர் மேலதிகாரியை முந்திக்கொண்டு முப்பத்தெட்டுக் கடைகளுக்கும் தானே போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். "பெயிண்ட்டுக்குப் பதிலா வேற ஏதாச்சும் போட்டுக்கோ. நீ போறது வேற கம்பெனி, நான் போறது வேற. ஒண்ணும் ஆகாது." பையன் வரி விடாமல் எழுதிக்கொண்டான்.

வியாழன் சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் பட்டியலை மாற்றி ஒட்டினார்கள். பையன் பெயர் இவருடைய கம்பெனிக்கு மாறியிருந்தது. ஒருவர் விலகியதால் அந்த இடத்தில் இவனைப் போட்டிருந்தார்கள். இவர் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஹீட்டர் பக்கத்தில் பதினாறாவது ஆளுக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்கு அவன், பத்தே முக்காலுக்கு இவர். நடந்ததை இவர்தான் பிறகு என்னிடம் சொன்னார். வராந்தாவில் காத்திருந்தபோது பையன் கதவைத் திறந்துகொண்டு பல்லெல்லாம் தெரிய வந்திருக்கிறான். "அக்கா, உங்க லேபிள் கதைய அப்படியே சொன்னேன். லீவு நாள்ல மாமாவோட பெயிண்ட் கம்பெனியில வேலை பாத்தப்ப நடந்ததுன்னு சொல்லிட்டேன். மூணு பேரும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. ரொம்பத் தேங்க்ஸ்க்கா." அவன் முகத்தில் கள்ளம் இல்லை. இவர் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தோல்வி பற்றிய கேள்வி வந்தது. சொல்ல வேண்டியதை அரை மணிக்கு முன்னால் இன்னொருவர் சொல்லிவிட்டார். அது என்னுடையது என்றால் பையன் கதி என்னாவது? வேறொன்றைத் தேடியிருக்கிறார். எல்லோருடைய கதையும் தலைக்குள் வந்ததாம், தன்னுடையது ஒன்றும் வரவில்லையாம்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பெருசா தோல்வி எதுவும் இல்லன்னு சொன்னேன் சார்."

மாலையில் முடிவு வந்தது. பையனுக்கு வேலை. இவருக்கு, திங்கட்கிழமை இன்னொரு தடவை வந்து பார்க்கவும் என்று ஒரு வரி. மிச்சம் இருக்கும் ஒரு இடத்துக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பையனுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. நூலக வாசல்வரை வந்தவன் இவரைப் பார்த்ததும் முகம் விழுந்து அப்படியே திரும்பிப் போனான். "பாவம் சார், சந்தோஷமா இருக்க வேண்டியவன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் கால்வாசி, இவர்மேல் முக்கால்வாசி.

சனிக்கிழமை காலை நூலகத்தில் ஈ காக்கை இல்லை. வேலை கிடைத்தவர்கள் கொண்டாடப் போயிருந்தார்கள், கிடைக்காதவர்கள் போர்வைக்குள் இருந்தார்கள். இவர் வந்தார். கோட்டை மாட்டினார். தன் மேசைக்குப் போகாமல் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"சார், உங்களுக்கு ரெண்டு நிமிஷம் இருக்குமா?"

கவுண்டரைப் பூட்டாமல் அப்படியே எழுந்து போனேன். மேசைக்குப் போனதும் ஹீட்டர் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். பதினாறு பேர் உட்கார்ந்த நாற்காலி. அதில் அவர் சின்னவராகத் தெரிந்தார். மணல் கடிகாரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க கேளுங்க. நான் சொல்றேன்."

இன்டர்வியூ எடுத்து எனக்குப் பழக்கமில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் தோற்ற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லேபிள், லாரி என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார். மணல் இறங்கிக்கொண்டிருந்தது.

"போன லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன் சார்" என்றார். குரல் வேறாக இருந்தது. "பெட்டிய வச்சுட்டு உக்காந்தேன். என் பொண்ணு உள்ள போயி தண்ணி கொண்டாந்தா. எங்க வீட்டுல விருந்தாளி யாராச்சும் வந்தா மட்டும் எடுக்கற கண்ணாடி கிளாஸ் ஒண்ணு இருக்கு. அதுல கொண்டாந்தா. ரெண்டு கையாலயும் பிடிச்சு, சிந்தாம."

மேல் குடுவையில் பாதிக்கும் குறைவாகத்தான் மணல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டி, கடிகாரத்தை மேசைமேல் படுக்க வைத்தார்.