மச்சாள் ஆடப்போன பயணம்

உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி சரிந்து மச்சாளின் இடது கால் முறிந்தது. மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. உயிலங்குளத்தில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. விடிந்தால் வயலில் நிற்பவர், மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் போய்ப் பக்கத்தில் இருப்பேன்.

ஒருநாள் பேச ஒன்றுமில்லாமல் தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டேன். வெளிநாட்டு இசைக்குழு, கித்தாரும் ட்ரம்ஸும் சேர்ந்து ஆளைச் சும்மா இருக்கவிடாத றொக் இசை. ஆங்கிலப் பாட்டு. மச்சாளுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை.

"திருப்பிப் போடும்," என்றார்.

காலில் போட்ட மாவுக்கட்டை வெட்டிய பிறகு, தினமும் இருபது அடி நடக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஏழாவது அடியிலேயே வலி அவரை நிறுத்திவிடும். அந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் ட்ரம்ஸின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கால் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருபதையும் முடிப்பார்.

அந்தக் குழு கொழும்புக்கு வருகிறது, திறந்தவெளியில் பின்னேர நிகழ்ச்சி என்று வாசித்துச் சொன்னேன். மச்சாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் போறன்."

அண்ணா சிரித்தார். "விசரோ உமக்கு? ஊன்றுகோலோட அந்தச் சனத்துக்குள்ள போய் என்ன செய்யப்போறீர்?"

"ஆடப்போறன்."



நிகழ்ச்சி நடக்கும் சனிக்கிழமை விடிய நானும் மச்சாளும் பஸ் ஏறினோம். மதவாச்சி தாண்டியதும் பஸ் புகைவிட்டு நின்றது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று சாரதிக்கே தெரியவில்லை. மச்சாள் இறங்கி, ஊன்றுகோலைத் தூக்கி வாகனங்களை மறிக்கத் தொடங்கினார். வெட்கத்தில் நான் பின்னால் நின்றேன். மூன்று வாகனங்கள் நிற்காமல் போயின. நாலாவதாக வந்த லொறி நின்றது. பேசாலையிலிருந்து மீன் கொண்டுபோகும் லொறி.

"ஏறுங்கோ அக்கா. ஆனா மீன் மணக்கும்," என்றார் சாரதி.

"மணக்கட்டும் தம்பி. நாலு மணிக்கு முதல் கொழும்புக்குப் போயிடலாமோ?"

"போகலாம். என்ன அவசரம்?"

"பாட்டுக் கேக்கப் போறம்."

"கோயில் பாட்டோ?"

"இல்லை, ஆடுற பாட்டு."

நான் போட்டுக்காட்டினேன். புத்தளம் வரும்வரை சாரதி அதை நிறுத்தவிடவில்லை. கொழும்புச் சந்தையில் மீனை இறக்கியபின் மைதான வாசலிலேயே எங்களைக் கொண்டுவந்து விட்டார்.

உள்ளே எல்லோரும் இளசுகள். எங்கள் பக்கம் வந்த சிலர் மீன் மணத்துக்கு மூக்கைச் சுளித்து விலகினார்கள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. காவலாளி ஒருவர் கதிரை கொண்டுவந்து போட்டார். முதல் நாலு பாட்டுக்கும் மச்சாள் அதில் அசையாமல் இருந்தார். ஸ்பீக்கர்களின் அதிர்வு என் நெஞ்சுக்குள் இறங்கியது. ஐந்தாவதாக அவருடைய பாட்டு வந்தது.

"இதைப் பிடியும்," என்று ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு எழுந்தார்.

அழகான ஆட்டமில்லை. வலது காலில் துள்ளி, இடது காலை மெல்லத் தட்டி, மறுபடி துள்ளினார். ஒருமுறை சரியப்போனார். நான் பாய்வதற்குள், அறியாத ஒரு பெண்பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தானும் ஆடினாள். மச்சாள் பாட்டு முடியும்வரை உட்காரவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். படிப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது காண்பார்களோ என்று இத்தனை நேரமும் அடங்கி நின்ற நான், ஆடவும் செய்தேன்.

மறுநாள் கால் வீங்கிப்போனது. வெள்ளவத்தையில் என் சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் தங்கவேண்டி வந்தது. அண்ணா தொலைபேசியில் எங்கள் இருவரையும் ஏசினார்.

"வீக்கம் வத்தும். நீங்கள் மாட்டுக்குத் தண்ணி வையுங்கோ," என்று மச்சாள் பேச்சை முடித்தார்.

ஊர்ச் சந்தியில் அண்ணா ஓட்டோவோடு நின்றார். மச்சாளைத் தாங்கி ஏற்றிவிட்டு, தானும் முன்னால் ஏறினார்.

"ஆடினனீரோ?"

"ஓம்."

"வீடியோ எடுக்கேல்லையோ?"

"எங்க எடுக்க? ரெண்டுபேரும் ஆடிக்கொண்டெல்லோ நிண்டனாங்கள்," என்றார் மச்சாள்.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே வயலைப் பார்த்தேன்.