நெற்றிக்கு என்ன நிறம்

அக்காவின் முகம் முடிந்து நெற்றி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. மூன்று நாளாக அதில் நான் கைவைக்கவில்லை. பலகையில் ஒட்டிய தடித்த தாள், ஒரு கிளாஸ் தண்ணீர், நீர்வண்ணப் பென்சில் பெட்டி எல்லாம் சாப்பாட்டு மேசையில் அப்படியே இருந்தன. மேசையை நான் பிடித்துக்கொண்டதால் மனைவி மடியில் கோப்பையை வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா போய் இரண்டு வருடமாகிறது. கனடாவில் இருக்கும் அவளுடைய ஒரே மகள் அந்தப் பெட்டியை அனுப்பி, "மாமா, அம்மாவை உள்ளபடி கீறித் தாங்கோ. என்ரை வீட்டுச் சுவரிலை கொழுவப்போறன்" என்றாள். நாற்பது வருடம் நில அளவைக் கந்தோரில் காணிப்படம் கீறியவனுக்கு முகம் கீறவும் வரும் என்று பிள்ளை நினைத்துவிட்டாள். நான் கீறியதெல்லாம் வேலியும் கிணறும் ஒழுங்கையும்தான். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு நான் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் தாள் படுதோல்வி. பெட்டியில் தோல் நிறம் என்று ஒரு பென்சில் இருந்தது. அதை நம்பிப் பூசினேன். மனைவி எட்டிப் பார்த்து, "உது ஆர், வெள்ளைக்காரியோ?" என்றாள். அக்கா நல்ல கறுப்பு. அது போதாதென்று பூசியதெல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூரிகையால் நனைத்தேன். கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. கிழித்துப் போட்டேன். பிறகு யூடியூப்பில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துப் படித்தேன். முதலில் மெல்லிய மஞ்சள், அதன்மேல் மண்ணிறம், கன்னத்தின் கீழே கொஞ்சம் நீலம். ஒரு பகுதி காய்ந்த பிறகுதான் அடுத்ததை நனைக்க வேண்டும். அக்காவின் முகத்தில் நீலம் பூச எனக்குக் கை கூசியது. நனைத்தபோது அந்த நீலம் நிழலாக மாறி, அவளுடைய ஒடுங்கிய கன்னம் வந்துவிட்டது. காய்ந்திருக்கும்போது ஒரு ஆள், நனைத்தால் வேறொரு ஆள். எதை நம்புவதென்றே தெரியவில்லை.

இப்படித்தான் நெற்றிக்கு வந்து சேர்ந்தேன். நான் பார்த்துக் கீறிய புகைப்படத்தில் அக்காவுக்குப் பொட்டு இல்லை. அது இல்லாமற் போனதற்குக் காரணம் நான்.

அத்தான் சண்டைக் காலத்தில் காணாமற் போனவர். அக்கா பல வருடம் பொட்டோடுதான் இருந்தாள். யாரும் ஏனென்று கேட்டால், "அவர் செத்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று திருப்பிக் கேட்பாள். பிறகு அரியாலைக் காணியைத் தன் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் தேவைப்பட்டது. விண்ணப்பத்தோடு கொடுக்கப் படம் எடுக்க நான்தான் அவளை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன். கதிரையில் இருந்தவளைப் பார்த்ததும் எனக்குள் கந்தோர்க்காரன் விழித்துக்கொண்டான். "அக்கா, அவர் இல்லையெண்டு எழுதிக் குடுத்துப்போட்டுப் படத்திலை பொட்டோட இருந்தால் என்ன நினைப்பினம்? அழிச்சுப்போட்டு இரு, பிறகு வைக்கலாம்" என்றேன். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்தாள். விண்ணப்பம் கொடுத்த இடத்தில் அந்தப் படத்தை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகும் அக்காவைப் பொட்டோடு பார்த்ததாகத்தான் எனக்கு நினைவு. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்துவிட்டு மகளோடு நல்லூரில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நெற்றியில் அரக்கு நிறத்தில் ஒட்டுப்பொட்டு இருக்கும். மனைவிக்கும் அதே நினைவுதான். அந்த நெற்றியைக் காணும்போதெல்லாம் பெரிய பிழை ஒன்றும் நடந்துவிடவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். செத்தவீட்டை நினைத்துப் பார்த்தேன். நெற்றி முழுக்கத் திருநீறு, அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஸ்ரூடியோவுக்குப் பிறகு எடுத்த வேறு படங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லி மருமகளிடம் கேட்டேன். பள்ளிக்கூடப் பரிசளிப்பு, அரியாலை வீட்டு முற்றம், பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று மூன்று வந்தன. மூன்றிலும் வெறும் நெற்றி. அப்படியென்றால் நான் கண்டது யாரை? வயது போனதில் என் நினைவுதான் பிசகிவிட்டதா? சிவப்புப் பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் மருமகளைத் தொலைபேசியில் பிடித்தேன். "பிள்ளை, அம்மாவுக்குப் பொட்டு வைக்கிறதோ விடுறதோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றேன்.

அவள் சொன்னாள். "அந்த ஸ்ரூடியோப் படம் எடுத்த நாளிலையிருந்து அம்மா பொட்டு வைக்கிறேல்லை மாமா. திரும்பி வைக்கக் கை போகுதில்லை எண்டவ. உங்கடை வீட்டுக்கு வரேக்கை மட்டும் ஒழுங்கை முடக்கிலை சைக்கிளை நிப்பாட்டி ஒண்டை ஒட்டுவா. போகேக்கை கழட்டி ஹாண்டிலிலை ஒட்டி வைப்பா. 'மாமா வெறும் நெத்தியைக் கண்டால் தன்னாலைதான் எண்டு குமைவான், நீ சொல்லிப்போடாதை' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

அக்காவின் கடைசி நாட்களில் இந்தப் பிள்ளை லீவு எடுத்து வந்து பக்கத்திலேயே நின்றவள். நான் பின்னேரங்களில் போய்ப் பார்ப்பேன்.

"ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை பொட்டோடதானே கிடந்தவ?" என்று கேட்டேன். இல்லையென்று அவள் சொல்லிவிடக்கூடாதே என்று இருந்தது.

"ஓம் மாமா. மத்தியானம் தாண்டினாப் பிறகு நீங்கள் எத்தினை மணிக்கு வாறியள் எண்டு கேட்டுக்கொண்டே கிடப்பா. கடைசியிலை அவவுக்குக் கை தூக்க ஏலாது. நான்தான் ஒட்டிவிட்டனான்."

அன்று மத்தியானம் சிவப்புப் பென்சிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, அக்காவின் நெற்றிக்கு மஞ்சளும் மண்ணிறமும் பூசி நனைத்து முடித்தேன். மனைவி வந்து பார்த்து, "இப்ப மச்சாள் மாதிரி இல்லையே" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அந்த முகத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. நான் கண்டதும் ஸ்ரூடியோவில் அந்த ஒரு நாள் மட்டும்தான்.