போர்டில் எழுதிய சின்ன ர

“ஆச்சி, நீங்க ஒரு புத்தகத்துல வாறீங்க!” என்று கத்திக்கொண்டே வந்தாள் மூன்றாவது ரூமில் வாடகைக்கு இருக்கும் பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, செல்போன் கம்பெனியில் வேலை. அன்றைக்கு அவளுக்கு வார லீவு. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால், ரூம்களை ஆண் பிள்ளைகளுக்கு விட்டிருந்த காலத்தில், ஒரு மதுரைப் பையன் வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் குடியிருந்தான். கார் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவன். இப்போது மேடையில் தனியாளாக நின்று பேசி ஊரையே சிரிக்க வைக்கிறான். தான் பட்ட பாட்டையெல்லாம் வேடிக்கையாக எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறானாம். புத்தகம் இவள் கைக்கு வரவில்லை. படித்தவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைத்தான் போனில் பார்த்திருக்கிறாள்.

“வாசிக்கேன், கேளுங்க. ‘வடக்குப்பட்டு வீட்டுக்காரம்மா வர்ற இடத்துல சிரிச்சே செத்துட்டேன்.’ இன்னொருத்தர், ‘அந்த போர்டு மேட்டர் வேற லெவல்.’”

போர்டு என்று காதில் விழுந்ததும் என் கை நின்றுவிட்டது.

அந்தத் தகரத்தில் எழுதியது நான்தான். கேட்டுக்கு அடித்த நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது. ‘அரை வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதி வேப்பமரத்தில் கட்டினேன். நான்கு நாள் போவோர் வருவோரெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். என் வீட்டைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் இந்தப் பையன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“ஏம்மா, அரை வாடகைக்கு விட்டா மிச்ச அரைய யாருகிட்ட வாங்குவீங்க?”

“இன்னாடா இளிக்கிற? ரூம் வேணும்னா கேளு, இல்லன்னா நடையக் கட்டு.”

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டான். பக்கத்தில் வந்து, மெதுவாக, சின்ன ர போட்டால் பாதி, பெரிய ற போட்டால்தான் ரூம் என்றான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

தெருவில் எல்லோருக்கும் நான் அஞ்சாவது படித்தவள். நானே சொல்லி வைத்ததுதான். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலத்துக்கு வந்த நோட்டீஸ், எதுவானாலும் பெண்கள் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணாடியைக் காணோம், வைத்துவிட்டுப் போ என்பேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்வேன். படிக்கத் தெரியாதா என்று ஒரு நாள் அவனே கேட்டுவிட்டான். ரெண்டாவதோடு நின்றவள் என்று அவன் ஒருத்தனிடம்தான் சொன்னேன். வெளியே சொல்லாதே என்றேன். “சத்தியமா சொல்ல மாட்டேம்மா” என்றான். போர்டிலும் வந்த அன்றைக்கே ர மேலேயே பெரிய ற எழுதிக் கொடுத்தான்.

இப்போது அது புத்தகத்தில் வந்திருக்கிறது. சிரிக்க வைக்கிறவன் பிழைப்பே அதுதானே, சொல்லாமல் இருப்பானா?

“எல்லாத்தையும் படி. ஒண்ணு வுடாத,” என்றேன்.

அவள் படித்துக்கொண்டே போனாள். வயிறு வலித்தது என்றார் ஒருவர். பஸ்ஸில் படித்துச் சிரித்துப் பக்கத்து ஆள் முறைத்தார் என்றார் இன்னொருவர். அடுத்தது, அடுத்தது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. உலையில் அரிசி குழைந்ததுகூடத் தெரியவில்லை.

“இவரு ஒரே ஒரு ஸ்டார்தான் குடுத்திருக்காரு ஆச்சி. ‘வீட்டுக்காரம்மா ரூமுக்கு போர்டு எழுதச் சொன்னாராம். இவர் அறைக்கு பதில் அரை என்று எழுதினாராம். அஞ்சாவது படித்த அந்தம்மா காதைத் திருகித் திருத்த வைத்தாராம். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறார். தமிழ் தெரியாதவரெல்லாம் புத்தகம் போட்டால் இப்படித்தான்.’ கீழ ஒருத்தரு ‘அதானே’ன்னு போட்டிருக்காரு.” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “காதைத் திருகுனீங்களோ?”

எனக்கு உயிர் வந்தது. பையன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். மறு நிமிஷமே இன்னொன்று உறைத்தது. யாரோ ஒரு ஆள், என் தப்புக்கு, அந்தப் பையனைத் தமிழ் தெரியாதவன் என்கிறார்.

“அவன் காத நான் தொட்டதே இல்ல. அந்த போர்ட எழுதினது நான்தான். ரெண்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போனதில்ல.”

அவள் சிரிப்பு நின்றது. “அப்போ அன்னைக்கு என் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்து, எல்லாம் நல்லாத்தான் கீதுன்னீங்க?”

“உன் மூஞ்சப் பாத்துச் சொன்னேன்.”

“நல்லா இருக்கு போங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“நானும் அதுல எழுதலாமா?”

“புத்தகம் படிக்காமலா ஆச்சி?”

“எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்லப் போறேன். எழுது. ‘போர்டு எழுதினது நான். ர தப்பா போட்டது நான். திருத்தினதுதான் அந்தப் பையன். அவனத் திட்டாதீங்க.’ ஸ்டார் எத்தினி கீது?”

“அஞ்சு.”

“அஞ்சும் போடு.”

“பேரு?”

“வீட்டுக்காரம்மான்னு போடு.”

அவள் விரல் போன் மேல் நின்றது. “தெருவுல எல்லாரும் போன் வச்சிருக்காவ, ஆச்சி. யோசிச்சுக்கிடுங்க.” கண்ணை மூடிக்கொண்டு, அழுத்து என்றேன்.

அன்று முழுக்க, தெருவில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி ஒரு கவரோடு வந்தாள். அவள் மகன் எப்போதும் போனும் கையுமாக இருப்பவன். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

“இத கொஞ்சம் பாரேன்க்கா.”

கண்ணாடியைக் காணோம் என்று வாய் வரைக்கும் வந்தது. கண்ணாடி மூக்கு மேலேயேதான் இருந்தது.

“எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாவும். ஒக்காந்துக்கினு இருக்கிறியா?” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.